வால் மாஸ்டரின் தனியாள்

இந்நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுவதே முறை. பலாங்கொடைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் நான் பெரிய கிளாக்கராக இருந்தேன். கல்லூரியில் படித்தவன், ஓராண்டு இலத்தீனும் கற்றவன். சமாதான நீதவான். தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியின் தலைவன். அக்கோயிலில் பாட்டன் காலம் தொட்டு நடந்துவந்த கிடாய் வெட்டை நிறுத்தி, அதற்குப் பதிலாகப் பூசணிக்காய் வெட்ட வைத்தவன் நானே. தோட்ட நிர்வாகியான துரை என்னிடம் பேசத் தொடங்கும் முன் நாற்காலியைக் காட்டுவார். மற்றவர்களுக்குக் கதவைக் காட்டுவார்.

இவ்வளவு மரியாதையையும் ஒரு டிபன் கேரியருக்குள் போட்டுக் குலுக்கிய மனிதர் ஒருவர் உண்டு. அவரைப் போல் இன்னொருவர் சப்ரகமுவ மாகாணத்தில் பிறந்ததில்லை. பிறந்திருந்தால் மாகாணம் தாங்கியிராது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே வாழ்ந்தது. ஊருக்கு அவர் வால் மாஸ்டர். றக்வானைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பல்கலைக்கழகம் சென்று விலங்கியல் படித்து, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எங்கள் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியராக வந்தார். கொடிக்கம்ப உயரம். வகுப்பறையில் அவர் பேசினால் எதிர் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முட்டை கூடத் தொடாத மரக்கறிக்காரர். அவருக்கு உலகில் ஒரே ஒரு பொருளின்மீதுதான் பற்று: ஆண் உயிரின் விந்து எவ்வாறு உருவாகிறது, அதற்கு வால் எப்படி முளைக்கிறது என்பது. மண்ணரிப்பைப் பற்றிப் பாடம் தொடங்கினாலும், மணி அடிக்கும்போது அந்த வாலில்தான் வந்து நிற்பார்.

பரிசளிப்பு விழாவில் நன்றியுரையை அவரிடம் ஒப்படைத்தது அதிபர் செய்த பிழை. பிரதம விருந்தினரான துரையை நோக்கிக் கைநீட்டி மாஸ்டர் முழங்கினார்:

"துரை இன்னிக்கு இந்தக் கதிரையில ஒக்காந்திருக்காருன்னா, அதுக்கு ஒரு வால்தாங்க காரணம். அந்த வால் மட்டும் சோம்பேறித்தனம் பண்ணியிருந்தா இந்தக் கதிர காலி."

துரை சிங்களவர். என் பக்கம் சாய்ந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். "உங்கள் பெற்றோருக்கு நன்றி சொல்கிறார்" என்று மொழிபெயர்த்தேன். யோசித்துப் பார்த்தால் அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

சனிக்கிழமை தோறும் மாஸ்டர் பலாங்கொடைச் சந்தைக்கு இறங்குவார். இறைச்சிக் கடை நானாவிடம் கிடாயின் விதைகளைக் கேட்டு வாங்குவார். ஒருமுறை நான் பக்கத்துக் கடையில் நின்றேன்.

"ரெண்டும் ஒரே கிடாயோடதா இருக்கணும் நானா."

"இருக்கு மாஸ்டர். கறியும் ஒரு கிலோ போடவா? நல்ல எளசு."

"வேணாம். நான் மரக்கறி."

நானா கத்தியைக் கீழே வைத்தார். "மரக்கறியா? அப்ப இத்தன காலமா இதக் கொண்டு போய் என்ன செய்றீங்க?"

"பாக்குறேன்."

நானா அதற்குப் பிறகு அவரிடம் கறி பற்றிப் பேசியதில்லை.

அன்று மலையேறும் பஸ்ஸில் எனக்கு ஆசனம் கிடைத்தது, மாஸ்டருக்குக் கிடைக்கவில்லை. "கொஞ்சம் புடிச்சிக்கங்க ஐயா" என்று தம் டிபன் கேரியரை என் மடியில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டார். யுத்த காலம். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஏறி வந்த பொலிஸ் சார்ஜன்ட் என் மடியைப் பார்த்து மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

"மே மொனவத?" இது என்ன என்று கேட்டார்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அன்று வரவில்லை. பின்னாலிருந்து மாஸ்டர், அதன் பெயரையும் அது எந்த விலங்கினுடையது என்பதையும் பஸ் முழுவதும் கேட்கச் சிங்களத்தில் அறிவித்தார்.

"கன்னத?" தின்பதற்கா என்றார் சார்ஜன்ட், என்னிடம்.

"நே மாத்தயா. பலன்ன" என்றார் மாஸ்டர். இல்லை ஐயா, பார்ப்பதற்கு.

சார்ஜன்ட் கேரியரைப் பார்த்தார். என் கழுத்துப் பட்டியைப் பார்த்தார். மறுபடியும் கேரியரைப் பார்த்தார். பிறகு தம் கையாலேயே மூடியை மூடி, நோயாளியிடம் பேசும் குரலில், "யன்ன மாத்தயா" என்று என்னைப் போகவிட்டார். திங்கட்கிழமைக்குள் தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் ஒரு செய்தி பரவியிருந்தது: பெரிய கிளாக்கர் ஐயா கோயிலில் கிடாய் வெட்டை நிறுத்தியதன் உண்மைக் காரணம் இப்போதுதான் தெரிந்ததாம்.

இனி ராசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் டிரையருக்கு விறகு போடுபவன், தோட்டத்திலேயே பலசாலி. மாசி மாதத்துக் காமன் கூத்தில், சிவன் கண்ணில் எரியும் மதன் அவன்தான். எங்கள் தோட்டத்தில் பிள்ளை வரம் வேண்டுபவர்கள் நேர்ந்துகொண்டு அக்கூத்தில் வேடம் கட்டுவார்கள். ராசு கல்யாணமான நாள் முதல் ஆண்டுதோறும் மதனாக எரிந்து, மூன்றாம் நாள் உயிர்த்து எழுந்தான். பிள்ளை மட்டும் வரவில்லை.

அவன் மனைவி பரமேஸ்வரி றக்வானைப் பெண், அதிர்ந்து பேசாதவள். அவன் தாய் மாரியாயி, புளத்கொகுபிட்டியில் இருக்கும் தன் தம்பி மகளை இரண்டாந்தாரமாகக் கொண்டுவர முடிவு செய்தாள். எங்கள் தோட்டத்தில் இதற்கும் ஒரு வழக்கம் உண்டு. மூத்தாள் இருக்க இளையாளைக் கொண்டுவர விரும்புபவர்கள் கோயில் கமிட்டி முன் வெற்றிலைத் தட்டு வைக்க வேண்டும். தலைவர் ஒரு வெற்றிலையை எடுத்தால் சம்மதம். அதன்பின் மூத்தாள் தாய் வீட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். தைப்பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு தட்டு வரும் என்று மாரியாயி எனக்குச் சொல்லி அனுப்பினாள். அப்போது ஐப்பசி.

அதே ஐப்பசியில் மாஸ்டர் தொழிற்சாலைக்குள் புகுந்து, டிரையர் அருகே வேலை செய்யும் ஆட்கள் எல்லோரையும் கூட்டிவைத்து, சூடு விந்துக்குப் பகை என்று சொற்பொழிவாற்றினார். "ஆம்பளைக்கு அத ஒடம்புக்கு வெளிய தொங்க விட்டதே குளிர்ச்சிக்குத்தாங்க. நீங்க கொண்டு போய் அடுப்புல காட்டுறீங்க" என்றாராம். மறுநாள் காலை என் அலுவலக வாசலில் வரிசை. கல்யாணமான இளைஞர் அனைவருக்கும், கொழுந்து வாட்டும் மேல்மாடிக்கு மாற்றம் வேண்டுமாம். காற்றோட்டமான இடம். ராசுவும் அவ்வரிசையில் ஒருவனாக, தலை குனிந்து நின்றான். வரிசையின் கடைசியில் நின்றவன் ஒன்பது பிள்ளை பெற்ற முனியாண்டி.

"உனக்கு என்ன முனியாண்டி? நீயும் மேல்மாடிக்கா?"

"இல்லீங்க ஐயா. எனக்கு அந்த அடுப்படியவே நெரந்தரமாக் குடுத்துருங்க. பத்தாவது வேணாமுங்க."

ராசுவுக்கும் முனியாண்டிக்கும் கேட்டதைக் கொடுத்தேன், மற்றவர்களை விரட்டினேன். ராசுவுக்கு ஏன் கொடுத்தேன் என்றால், வரிசையில் அவன் ஒருவன்தான் காரணம் எதுவும் சொல்லவில்லை.

மாஸ்டரைக் கண்டிக்க அடுத்த ஞாயிறு அவர் விடுதிக்குச் சென்றேன். ஜன்னலோரம் மேசைமீது ஒரு பித்தளை நுணுக்குக்காட்டி. பாடசாலையினுடையது அலுமாரியில் பூட்டிக் கிடந்ததால், அவர் கொழும்பில் தேடிப் பிடித்த பழம்பொருள். விடுதியில் மின்சாரம் இல்லை. வெயிலைச் சிறு கண்ணாடியில் பிடித்துத்தான் அதனுள் பார்க்க முடியும்.

"மாஸ்டர், ஃபெக்டரி நிக்கப் போகுது. என்ன வேல பாத்து வச்சிருக்கீங்க?"

"மொதல்ல கண்ண வைங்க ஐயா. திட்டுறத அப்புறமாத் திட்டுங்க."

கண்ணை வைத்தேன்.

முதலில் ஒரு வெளிச்ச வட்டம். பிறகு அந்த வெளிச்சம் முழுவதும் அசைந்தது. எண்ண முடியாத திரள். ஒவ்வொன்றுக்கும் நெல்மணியை அழுத்தித் தட்டையாக்கியது போல் ஒரு தலை. அதன் பின்னே மயிரிழையிலும் மெல்லிய வால். வால் துடிக்கத் துடிக்கத் தலை முன்னேறியது. ஒன்றை ஒன்று இடித்தன, விலகின, நிற்கவில்லை. எத்தனையோ திருவிழாக் கூட்டங்களை நான் ஒழுங்கு செய்திருக்கிறேன். இவ்வளவு நோக்கத்தோடு நகர்ந்த கூட்டத்தைக் கண்டதில்லை. அந்தக் கிடாய் முந்திய நாள் காலையே வெட்டப்பட்டுவிட்டது. அச்செய்தி இவற்றுக்கு எட்டவில்லை. நான் எதற்காக வந்தேன் என்பது எனக்கு மறந்துபோயிற்று.

திடீரென்று வட்டம் இருண்டது. மேகம். மாஸ்டர் வெயிலுக்காகக் காத்திருந்தபடி பேசலானார். முதல் முறையாகத் தணிந்த குரலில் பேசினார்.

"இது மொதல்ல உருண்டையாத்தாங்க இருக்கும், ஒடம்புல மத்தக் கலம் மாதிரியே. பச்சக் கொழுந்துன்னு வச்சிக்கங்க. கொழுந்து வாடுற மாதிரி, மொதல்ல பரம்பரச் சரக்கப் பாதியாக் கொறச்சுக்குது. அப்புறம் கொழுந்து சுருட்டுற ரோலர்ல விழுது. உள்ள இருக்கிற பரம்பரச் சரக்க இறுக்கி இறுக்கிச் சுருட்டி, தலையத் தட்டி, பின்னால வால இழுத்து விட்டு, மிச்சச் சாறெல்லாம் கழிச்சுப் போடுது. கொழுந்து ஒரு நாள்ல தூளாயிரும். இதுக்கு ரெண்டரை மாசமுங்க."

"ரோலர் எது?"

அவர் சட்டைப் பையிலிருந்து, மடித்து மடித்துக் கிழிந்துபோன ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்தார். பல்கலைக்கழகத் தோழர் ஒருவர் அனுப்பியதாம்.

"ஒரு புரதம். ஒடம்பு முழுக்கத் தேடிப் பாத்துட்டாங்க ஐயா. ஈரல்ல இல்ல, மூளையில இல்ல, நெஞ்சுல இல்ல. பொம்பளைங்க ஒடம்புல எங்கயுமே இல்ல. ஆம்பளையோட விதையில மட்டுந்தான். அங்கயும் எப்பவும் நிக்காது. உருண்ட நீளமாகுற அந்த நேரம் பாத்து வரும். வேலய முடிக்கும். போயிரும். வேற எங்கயும் கைநீட்டாது."

"பெயர்?"

"வெள்ளக்காரன் வச்ச பேரு லொறி நம்பர் மாதிரி இருக்குங்க. நான் தனியாள்னு வச்சிருக்கேன்."

"அந்தத் தனியாள் வராவிட்டால்?"

"எலியில அத இல்லாமப் பண்ணிப் பாத்திருக்காங்க. எலி நல்லாத் திங்குது. ஓடுது. சண்ட புடிக்குது. ஒரு கொறையும் இல்ல. குட்டி மட்டும் இல்ல. தலையெல்லாம் உருண்டையாவே நின்னுருது."

சொல்லிவிட்டு, ஜன்னல் வழியே தொழிற்சாலைப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் வந்ததை அவர் கவனிக்கவில்லை. நான்தான் சொன்னேன்.

தையில் அந்த ஞாயிறு வந்தது. கோயில் மண்டபத்தில் கமிட்டி அமர்ந்தது. நடுவே மாரியாயி வைத்த வெற்றிலைத் தட்டு. ராசு தூணோரம். பரமேஸ்வரி உள்ளே வரவில்லை. வெளியே தண்ணீர்க் குழாயடியில் நின்றாள்.

"நானும் அவள ஒரு வார்த்த சொன்னதில்லீங்க ஐயா. வேலக்காரி. கொணத்துக்கும் கொற சொல்ல முடியாது. ஆனா எம் மகனுக்குப் பின்னால ஒரு பேரு வேணுமில்ல?" என்றாள் மாரியாயி.

அப்போது மாஸ்டர் வந்தார். யாரும் அழைக்கவில்லை. ஒரு கையில் நுணுக்குக்காட்டிப் பெட்டி, மறு கையில் கேரியர். "கொஞ்சம் புடிச்சிக்கங்க ஐயா" என்று கேரியரை என் மடியில் வைத்தார். வாசற்படி அருகே, வெயில் விழும் இடத்தில் மேசையை இழுத்துப் போட்டார்.

"ஆத்தா, ஐயா வெத்தல எடுக்க முந்தி எல்லாரும் இத ஒரு தடவ பாத்துருங்க."

முதலில் பார்த்தவர் கமிட்டியில் மூத்தவரான கங்காணி. பார்த்தவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "மாஸ்டரு, இது உசுருங்களா?"

"உசுருல பாதி."

"யாரோடதுங்க?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். அம்மன் சந்நிதியைப் பார்த்தார். கிடாய் வெட்டை நிறுத்திய என்னையும் பார்த்தார். வாயை மூடினார். பிறகு, "நல்ல எடத்துதுங்க. அதுக்கு மேல கேக்காதீங்க" என்றார்.

மண்டபத்தில் இருந்த அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின. கேரியர் என் மடியில் இருந்தது.

"நெனச்சேன்" என்றார் கங்காணி, மிகுந்த மரியாதையோடு.

கிடாய் என்ற ஒரு சொல் போதும். ஆனால் அச்சொல்லுக்கு அம்மண்டபத்தில் இடமில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியவன் நான். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"பிள்ளைக்கு ரெண்டு பாதி வேணுமுங்க. இந்தப் பாதி சரியில்லாட்டியும் பிள்ள வராது. பொம்பளைய மட்டும் பொட்டி கட்டச் சொன்னா எப்பிடி?" என்றார் மாஸ்டர்.

"அப்ப எம் மகங்கிட்டக் கொறன்னு சொல்றீங்களா மாஸ்டரு?" என்று மாரியாயி எழுந்து நின்றாள்.

எதிர் மலைக்குக் கேட்கும் குரல் உடைய மாஸ்டர், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். யாருக்கோ வாக்குக் கொடுத்தவர் போல் நின்றார். மாரியாயி என்னைப் பார்த்தாள். தட்டு என் முன் இருந்தது. வெளியே குழாயடியில் தண்ணீர் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை மூட அங்கு நின்றவளுக்குத் தோன்றவில்லை.

தூணோரம் இருந்து ராசு எழுந்து வந்தான். குனிந்து நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தான். நெடுநேரம் பார்த்தான்.

"இது நேராப் போகுது ஆத்தா" என்றான். பிறகு நிமிர்ந்தான். "எம்மோடது நின்ன எடத்துலயே சுத்துது. உருண்டத் தல. நானே பாத்தேன். அடுப்புச் சூடா இருக்குமோன்னுதான் மாஸ்டரு என்ன மேல்மாடிக்குப் போகச் சொன்னாரு. எல்லார்கிட்டயும் சொன்ன மாதிரிச் சொல்லி மறைச்சு விட்டாரு. மறுபடியும் பாத்தோம். அதே மாதிரிதான். ரெத்னபுரி டாக்டரும் அதத்தான் சொன்னாரு. அவகிட்ட ஒன்னுமில்ல. அவளப் போகச் சொல்லாத."

டிரையர் சொற்பொழிவும் வாசல் வரிசையும் ஒருவனை மறைப்பதற்காக எழுப்பிய கூட்டம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

கங்காணி இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டார். "அப்ப வார மாசிக்கு மதன் வேசத்துக்கு வேற ஆள் பாக்கணுமுங்களே ஐயா."

மாஸ்டருக்குக் குரல் திரும்பியது. முழுவதுமாகத் திரும்பியது.

"எதுக்கு வேற ஆளு? கங்காணியாரே, ஒரு சின்னப் புரதம், அது இல்ல. இதேதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், இது மாதிரி ஒன்னு. அது அங்க மட்டுமே வேல செய்யிற சாமான். தொண்டையில வேல செய்யாது. இவன் பாட்டுக் கொறஞ்சுச்சா? தோள்ல வேல செய்யாது. வெறகு தூக்குறது கொறஞ்சுச்சா? நெஞ்சுல வேல செய்யவே செய்யாது. இப்ப இவன் எந்திரிச்சு நின்னு சொன்னான் பாருங்க, அத இங்க இருக்கிற ஆம்பளைங்கள்ல யாரு சொல்லியிருப்பீங்க? கைய தூக்குங்க பாப்போம்."

கைகள் எழவில்லை. தலைவன் என்ற முறையில் நான் பேச வேண்டிய இடம் அது.

"மதன் ராசுதான். வெற்றிலை எடுக்கப்படவில்லை" என்றேன்.

மாரியாயி சற்று நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போனாள். குழாயை மூடினாள். மருமகள் முன்னால் தட்டை நீட்டி, "ஒன்னு எடுத்துப் போட்டுக்கடி, காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல நீ" என்றாள்.

நான் அப்போது எழுந்து நிற்க விரும்பினேன். முடியவில்லை.

"ஐயா, கேரியரக் குடுங்க. வெயில்ல கெட்டுப் போயிரும்" என்றார் மாஸ்டர்.

அந்த மாசியில் ராசு மதனாக எரிந்தான். மூன்றாம் நாள் அவன் எழுந்தபோது, வால் மாஸ்டர் தப்பு மேளம் அடிப்பவர்களுக்கு முன்னே போய் நின்று கைதட்டினார். உயிர்த்த மதனுக்குக் கைதட்டுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. தலைவனாகிய நான் அதைத் தடுத்திருக்க வேண்டும். என் கைகளும் அப்போது வேலையாக இருந்தன.

சில ஆண்டுகளுக்குப் பின் மாஸ்டர் மாற்றலாகி றக்வானைக்குப் போனார். போகும் அன்று, அந்தத் தை ஞாயிறன்று காட்டியதில் ஒரு துளியைக் காயவைத்து நீலச் சாயமிட்ட கண்ணாடித் தகடு ஒன்றை என்னிடம் தந்தார். "இதுக வால் இனி ஆடாது ஐயா. ஆனா அழகு போகாது" என்றார்.

இப்போது நான் எக்கோயிலுக்கும் தலைவன் அல்லன். ஆகவே, தோட்டத்தில் இன்றும் சொல்லப்படும் சில பிழைகளைத் திருத்திவிடுகிறேன். மாஸ்டர் மருந்து கொடுத்து ராசுவுக்குப் பிள்ளை பிறந்தது என்கிறார்கள். அவர் மருந்து கொடுக்கவில்லை, பிள்ளையும் பிறக்கவில்லை. ராசுவும் பரமேஸ்வரியும் அதே லயத்தில், அதே வீட்டில் இருக்கிறார்கள்.

அன்று மண்டபத்தில் காட்டப்பட்டது என்னுடையது என்றும், அதனால்தான் அந்தத் தகட்டை என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் பஞ்சு வைத்துப் பாதுகாக்கிறேன் என்றும் சொல்கிறார்கள். அது தவறு. அது பலாங்கொடைச் சந்தைக் கிடாயினுடையது. வால் மாஸ்டர் தம் கையால் சாயமிட்டுத் தந்தது என்பதால் வைத்திருக்கிறேன்.